முப்பத்தாறாம் கண்ணி

தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரைக்கும், பாக்கி வராமல் தவித்த சின்னத் தொழில்காரர்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் தபீதாளைத் தெரியும். பாக்கி வைத்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

ஒல்லியான உடம்பு. சின்னப் பூப்போட்ட மெல்லிய வாயில் துணிப் புடவை. கையில் ஒரு துணிப்பை. கடைக்குள் நுழைந்து, "வணக்கம் சார். இன்னார் பில் விஷயமா வந்தேன். அவசரமில்லை, நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்பாள். யாரும் சொல்லாமலே ஒரு முக்காலியை இழுத்து, உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படும் இடமாகப் பார்த்துப் போட்டுக்கொள்வாள். பையிலிருந்து கொக்கி ஊசியையும் வெள்ளை நூல்கண்டையும் எடுத்து லேஸ் பின்ன ஆரம்பிப்பாள். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது.

முதல் நாள் கடைக்காரர் சிரிப்பார். இரண்டாம் நாள் வாடிக்கையாளர் யாராவது, "யாரு சார் இவங்க, சொந்தமா?" என்று கேட்பார். மூன்றாம் நாள் மாமனாரோ மைத்துனரோ வந்து அதையே கேட்பார். நான்காம் நாள் கல்லாப்பெட்டி திறக்கும். தபீதாள் எண்ணிப் பார்த்து, ரசீது கொடுத்து, பின்னிய லேஸைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு கிளம்புவாள். ரூபாய்க்கு ஆறு பைசா அவள் கூலி.

வெட்டிய லேஸ் துண்டுகளை ஒன்றோடொன்று தைத்து ஒரு மேசைவிரிப்பு செய்துவந்தாள். இது சைக்கிள் கடை, இது மரவாடி, இது கல்யாண மண்டபம் என்று விரலால் தொட்டே சொல்லுவாள்.

இந்த வித்தையை அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அவள் கணவர் சத்தியநாதன் போர்டு எழுதுபவர். தாம்பரம் மார்க்கெட்டில் பாதிக் கடைகளின் பெயர்ப்பலகை அவர் கையெழுத்துதான். 1961இல் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தபோது அவர் விட்டுவிட்டுப் போனது ஏழு தூரிகையும் ஒரு பாக்கி நோட்டும். நோட்டில் இருபத்திரண்டு பெயர். தபீதாள் அதை எடுத்துக்கொண்டு ஏறாத படியில்லை. வக்கீலிடம் போனாள். "கையெழுத்துப் போட்ட பில் இருக்கா? புரோநோட்டு இருக்கா? மூணு வருஷம் தாண்டிட்டா ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று சொல்லி, நோட்டீஸ் அனுப்ப இருபது ரூபாய் கேட்டார். பாக்கியோ பதினெட்டு ரூபாய். போலீஸ் ஸ்டேஷனில், "இது சிவில் மேட்டரும்மா, கோர்ட்டுக்குப் போ" என்றார்கள். பதிவுத் தபால் அனுப்பினாள். ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவர்கள் பதில் எழுதவில்லை. சர்ச்சில் சபை ஐயர் பிரசங்கத்தில் ஒரு வாரம் கடனைப் பற்றிப் பேசினார். பாக்கி வைத்திருந்த மளிகைக்கடைக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார்.

ஒருநாள் அதே மளிகைக்கடைக்குப் போனாள். மாதர் சங்க விற்பனைக்காகப் பின்னிக்கொண்டிருந்த லேஸ் பையில் இருந்தது. "கொஞ்சம் இரும்மா" என்று சொல்லிவிட்டு அவர் மறந்துபோனார். இவள் பின்ன ஆரம்பித்தாள். மூன்று மணி நேரம். கடைக்கு வந்தவர்களெல்லாம் அவளைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். அவர் வியர்த்துப்போய்ப் பணத்தை எடுத்து நீட்டினார். இருபத்திரண்டு பெயரில் பத்தொன்பதை அந்த ஒரு வருஷத்திலேயே வசூல் செய்தாள். பிறகு ஆட்கள் அவளைத் தேடி வந்தார்கள். எலெக்ட்ரீஷியன், டைப்ரைட்டிங் மாஸ்டர், கிணறு வெட்டும் மேஸ்திரி.

தொழிலில் அவளுக்கு இரண்டு கட்டுப்பாடு. பணம் கேட்கக்கூடாது. சாக்கு காதில் விழக்கூடாது. கேட்டால் அவர்கள் பதில் சொல்வார்கள், பதிலுக்குப் பதில் போகும், அதிலேயே நாள் ஓடிவிடும். சாக்கு காதில் விழுந்தால் மனசு இளகும். அதனால் எதிராளி வாயைத் திறந்ததும் அவள் கண்ணிகளை எண்ண ஆரம்பிப்பாள். ஒன்று, இரண்டு, மூன்று. பிள்ளைக்கு ஜுரம் என்பார்கள், பதினேழு, பதினெட்டு. பாங்கில் செக் மாட்டிக்கொண்டது என்பார்கள், இருபத்தொன்பது, முப்பது. எண்ணிப் பழகிய காதில் எதுவும் ஏறாது.

1966ஆம் வருஷம் ஐப்பசியில் அப்பாதுரை அவளைத் தேடி வந்தார். குரோம்பேட்டையில் நாலைந்து சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறவர்.

"துளசிங்கம்னு ஒருத்தர்க்கா. அட்டைப்பெட்டி போடறார். மாசம் பதினஞ்சு ரூபா, ஒன்பது மாசமா தரலை. நூத்தி முப்பத்தஞ்சு. உங்களுக்கு இது சின்னத் தொகையா இருக்கலாம். என் பொண்ணு பீஸ் கட்டணும்."

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டா டீ வாங்கித் தர்றார்க்கா" என்றார் அப்பாதுரை.

துளசிங்கத்தின் பட்டறை ரயில்பாதையை ஒட்டி, ஓடு வேய்ந்த நீளக் கொட்டகை. முன்வாசலில் நின்றால் தூரத்தில் திருநீர்மலை தெரியும். பின்கதவைத் திறந்தால் தண்டவாளம். உள்ளே மைதாப் பசையும் மயில்துத்தமும் கலந்த நெடி. செல்வமேரி என்ற பெண்ணும் இன்னொருத்தியும் தரையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.

"வாக்கா, வா! உன்னப் பத்திக் கேள்விப்பட்டுகினுதான் கீறேன். என்னிக்கு வருவேன்னு பாத்துகினு இருந்தேன்" என்று துளசிங்கமே முக்காலியை எடுத்துப் போட்டார். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் நாமம், விரல் நுனியெல்லாம் காய்ந்த பசை. யாராவது வந்து தபீதாளைப் பார்த்தால், "இவுங்க என் கடனுக்குக் காவலு" என்று அவரே அறிமுகம் செய்தார். "யக்கா, நீ பின்றத என் பொட்டி ஓரத்துல ஒட்டினேன்னு வெச்சிக்க, பொட்டி டபுள் ரேட்டுக்குப் போவும்" என்றார். செல்வமேரி சிரித்தாள். தபீதாள் பதின்மூன்று, பதினான்கு என்று எண்ணினாள்.

தினமும் பதினொரு மணிக்கு அவளுக்கு ஒரு கிளாஸ் டீ வரும். கடன்காரர் வீட்டுத் தண்ணீரைக்கூட அவள் தொடமாட்டாள். டீ ஆறி ஆடை படரும். துளசிங்கம் அதை எடுத்துக்கொண்டு போவார். மறுநாள் மறுபடி டீ.

இப்படிப் பன்னிரண்டு நாள். அதுவரை யாரிடமும் அவள் அத்தனை நாள் உட்கார்ந்ததில்லை. அந்த மனிதருக்கு வெட்கமில்லை என்று நினைத்தாள்.

பதின்மூன்றாம் நாள், பதினொரு மணி வாக்கில், துளசிங்கம் கையைத் துண்டில் துடைத்தபடி வந்து அவள் பக்கத்தில் குனிந்து நின்றார். அன்றைக்கு அவர் குரலில் சிரிப்பில்லை. "யக்கா" என்றார். அவள் முப்பத்தொன்றில் இருந்தாள். அவர் பேசிக்கொண்டே போனார். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று. நீளமாகத்தான் பேசினார். முப்பத்து நான்கு, முப்பத்தைந்து. முப்பத்தாறில் நிறுத்தினார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார்போல. அவள் தலை நிமிரவில்லை. பசை ஒட்டிய இரண்டு பாதங்கள் திரும்பின. பின்கதவு கிறீச்சிட்டது.

மாலை ஐந்து வரை அவர் திரும்பவில்லை. மறுநாளும் இல்லை. மறுவாரம் பட்டறைக்குப் பூட்டுப் போட்டார்கள்.

கடன்பட்டவன் பின்வாசல் வழியாகப் போனால் ஊருக்கு வேறு சந்தேகமே வருவதில்லை. ஓடிப்போய்விட்டான் என்றார்கள். போலீஸிலும் அதையே சொன்னார்கள். "ஆந்திரா பக்கம் போயிருப்பான். காசு சேர்ந்தா வருவான்." அப்பாதுரை தலையில் கைவைத்துக்கொண்டார். தபீதாளும் ஓடிப்போய்விட்டார் என்றுதான் நினைத்தாள். வசூலாகாத துண்டைக் கத்தரிக்காமல் நூலோடு அப்படியே பையில் போட்டுவைத்தாள். பிறகு வேறு ஒருவருக்காகப் பின்ன உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. முப்பத்தொன்றுக்கு வந்தால் காதருகில் "யக்கா" என்று கேட்டது. முப்பத்தாறோடு நின்றது. முப்பத்தேழாவது கண்ணிக்குக் கை போகவில்லை. அவிழ்த்து மறுபடி பின்னினாலும் அங்கேயேதான் நின்றது. இடையில் என்ன சொன்னார் என்று எவ்வளவு யோசித்தாலும், ஞாபகத்தில் இருந்தது எண்கள் மட்டுமே. ஒரு ஞாயிறு ஆராதனையில் பாட்டு எண் எழுதும் பலகையில் முப்பத்தாறு என்று போட்டிருந்தது. எழுந்து வெளியே போய்விட்டாள்.

பொங்கல் கழிந்த முதல் வெள்ளிக்கிழமை, தபீதாள் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கறுத்து நெடுத்த உருவம், அவள் மேல் தோல் ஊறவைக்கும் தொட்டியின் வாடை. குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு.

"நான் எல்லம்மா. பொட்டிக்காரர் சம்சாரம்."

தபீதாள் கதவை முழுக்கத் திறந்தாள்.

"அவுரு உன்னாண்டதான் சொல்ட்டுப் போனாராமே. குனிஞ்சி நின்னு எம்மா நேரம் பேசினாருன்னு செல்வமேரி சொல்லிச்சி. எங்க போறேன்னாரு?"

"எனக்குத் தெரியலைம்மா."

"உன் காதுலதான சொன்னாரு?"

"நான்... கவனிக்கலை."

எல்லம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். கோபம்கூட இல்லை. "சர்தான். அவசரமில்ல. நீ உன் வேலையப் பாரு" என்றாள். தபீதாள் கடைக்குக் கடை சொல்லும் வார்த்தை அது; துளசிங்கம் வீட்டில் போய்ச் சொல்லிச் சிரித்திருக்க வேண்டும். பிறகு எல்லம்மா தெருவைக் கடந்து, வாசலுக்கு நேர் எதிரே இருந்த தண்ணீர்க் குழாயின் சிமெண்ட் மேடையில் போய் உட்கார்ந்தாள். பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தாள். அதற்கடுத்ததும். பேசுவதில்லை, அழுவதில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு தபீதாள் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். டிக்கெட்டுக்குக் காசில்லாத வாரம் தண்டவாள ஓரமாகவே நடந்து வந்துவிடுவாள்.

குழாயடிக்கு வரும் பெண்கள் சும்மா இருப்பார்களா?

"இன்னாம்மே, நம்ம தபீதாக்காகிட்டயே வசூலா? ஊரு வசூல் பண்ணுமே அது!"

"எவ்ளோ தரணும் உனக்கு?"

"ஒரு ஆளு" என்றாள் எல்லம்மா.

அதற்குப் பிறகு யாரும் கேலி பேசவில்லை. குடத்தை வைக்க இடம் வேண்டுமென்றால் அவளே ஒதுங்கிக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை வந்தால் தபீதாளுக்குச் சோறு இறங்காது. ஜன்னல் பக்கம் போவதில்லை. போகாவிட்டாலும் அந்தப் பார்வை கதவைத் துளைத்துக்கொண்டு உள்ளே இருந்தது. ஒரு முறை டீ போட்டுக் கொண்டுபோய் மேடையில் வைத்தாள். திரும்பிப் பார்த்தபோது கிளாஸ் அப்படியே இருந்தது. டீயின்மேல் ஆடை படர்ந்திருந்தது.

மாசியும் பங்குனியும் போயின. கோடை போனது. வசூலுக்கு ஆள் கூப்பிட்டால், உடம்பு சரியில்லை என்றாள். கையில் காசும் குறைந்தது. எல்லம்மா மட்டும் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவள் சத்தம் போட்டால் தேவலை, கல்லெடுத்து எறிந்தால் தேவலை என்று நினைக்கும் நிலைக்குத் தபீதாள் வந்துவிட்டாள். ஐந்து வருஷமாகத் தான் எத்தனை பேருக்கு எதிரே இப்படி உட்கார்ந்தோம் என்று அப்போதுதான் உறைத்தது.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். சபையின் மாதர் சங்கத்தில் நூறு ரூபாய் கைமாற்றாக வாங்கி எல்லம்மா கையில் கொடுத்துவிடுவது. முன்பக்கம் போனால் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். அதனால் கொல்லைப்பக்கம் போய்க் கதவுத் தாழ்ப்பாளில் கைவைத்தாள்.

'இப்போது யாராவது என்னைப் பார்த்தால், தபீதாள் பயந்து பின்வாசல் வழியாக ஓடிவிட்டாள் என்பார்கள்' என்று நினைத்தாள். 'நான் ஓடவில்லையே. பணம் கொண்டுவரத்தானே போகிறேன்.'

கை தாழ்ப்பாளிலேயே நின்றது. இரும்பு சில்லென்றிருந்தது. அந்தச் சில்லிப்பைத் தனக்கு முன்பே வேறொரு கை தொட்டிருந்தது போல அவளுக்குத் தோன்றியது.

திரும்பி, வீட்டுக்குள்ளேயே நடந்து, முன்கதவைத் திறந்து, தெருவைக் கடந்து போய் எல்லம்மாவின் பக்கத்தில் குழாய்மேடையில் உட்கார்ந்தாள்.

"எல்லம்மா, உங்க வீட்டுக்காரருக்கு யாராவது பணம் தரணுமா?"

எல்லம்மா மெள்ளத் திரும்பினாள். "இத்தினி நாளா இதக் கேக்கத் தோணல உனக்கு?"

"தோணலை."

"எனக்கு இன்னா தெரியும்? வூட்ல பணங்காசு பேச்சே எடுக்கமாட்டாரு. கணக்கெல்லாம் அந்தக் கணக்குப்புள்ளையாண்டதான் கீது."

இருவரும் அன்றைக்கே அப்பாதுரை வீட்டுக்குப் போனார்கள். எல்லம்மாவைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். பேரேட்டைப் புரட்டினார். புரட்டவே வேண்டியிருக்கவில்லை, அந்தப் பக்கம் அவருக்கு மனப்பாடம்.

"கிண்டித் தொழிற்பேட்டையில ஒரு சோப்புக் கம்பெனி. பெட்டி வாங்கினது பதினாலு மாசமா பாக்கி. நானூத்திப் பன்னெண்டு ரூபா. அது வந்திருந்தா அவர் எனக்குத் தந்திருப்பார்."

"உங்களுக்கு இது அப்பவே தெரியுமா?"

"நான்தானேக்கா கணக்கு எழுதினேன்." அவர் குரல் இறங்கியது. "உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். நீங்க கேக்கலை. நானும் ஓடிட்டார்னுதான்..."

மறுநாள் தபீதாள் தனியாகக் கிண்டிக்குப் போனாள். சோப்புக் கம்பெனியின் பெரிய கேட்டுக்கு வெளியே காவல் கூண்டு. அதன் பக்கத்தில் சாக்கடை மூடப் போட்டு மீந்த ஒரு கருங்கல். கூண்டிலிருந்த வாட்ச்மேன் பெயர் லாசரஸ். அவள் விசாரித்ததுமே அவர் பீடியைக் காலால் நசுக்கினார்.

"பொட்டிக்காரரா? வந்தாரும்மா, மழைக்காலத்துல. இந்தக் கல்லு மேலதான் குந்திகினு இருந்தாரு. மொதலாளி பம்பாய் போயிருக்காரு, நாளைக்கு வா, நாளைக்கு வான்னு மேனேஜர் சொல்லிகினே இருந்தாரு. இவரும் எழுந்திருக்கல. வூட்டுக்குப் போய்ட்டு வாய்யான்னேன். 'அங்க ஒரு அக்கா குந்திகினு கீது. வெறுங்கையோட போயி அதும் மூஞ்சில எப்டி முழிக்கிறது? அது பின்னிகினே கீதுப்பா, இன்னும் எம்மா நாளு பின்னும்'னு சொல்வாரு. அந்தக்கா இருக்கிற மாதிரிதான் நானும் இருக்கப்போறேன், யாரும் அசைக்க முடியாதுன்னுவாரு. சும்மா குந்தத் தெரியாதும்மா அவருக்கு. கீழ கெடக்கிற அட்டைய எடுத்து, சின்னச் சின்னப் பொட்டியா மடிச்சிகினே இருப்பாரு."

கூண்டுக்குள்ளிருந்து அவர் ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டைப்பெட்டி. மூடிகூட இருந்தது. உள்ளே இரண்டு ஆணி போட்டு வைத்திருந்தார்.

"அஞ்சாம் நாளு ஒரே மழ. உடம்பு நெருப்பா சுட்டுது. நான்தான் ரிக்ஷாவுல போட்டு ஆஸ்பத்திரில சேர்த்தேன். மேனேஜராண்ட வந்து சொன்னேன், அவரு வூட்டுக்கு ஒரு லெட்டர் போடுங்க சார், பில்லுல அட்ரஸ் இருக்குமேன்னு. இது கம்பெனி விஷயமில்லன்னுட்டாரு. லெட்டர் போட்டா பாக்கியுமில்ல கேட்டுகினு வருவாங்க? மறுபடி போயிப் பாத்தேன். படுக்கை காலியா இருந்துச்சி."

ஆஸ்பத்திரி அலுவலகத்தில் குமாஸ்தா பழைய ரிஜிஸ்தரை எடுத்துத் தூசு தட்டினார். கார்த்திகை மாதத் தேதிகளில் விரல் ஓட்டினார்.

"துளசிங்கம். ஆண், நாற்பது. நிமோனியா. சேர்த்த மூணாம் நாள் காலமாயிட்டார். யாரும் வரலை, ஆஸ்பத்திரியிலேயே அடக்கம் பண்ணிட்டாங்க. உறவினர்னு ஒரு பேர் சொல்லியிருக்கார், ஜுரத்துல போல. விலாசம் கேட்டதுக்கு, கடையில உக்காந்திருக்குன்னு மட்டும் சொன்னாராம்." நோட்டைத் திருப்பிக் காட்டினார். உறவு: அக்கா. பெயர்: தபீதாள்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று குமாஸ்தா கேட்டார்.

தபீதாள் அந்த நீல மைக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லம்மா வருவதற்கு முன்பே அவள் குழாய்மேடையில் காத்திருந்தாள். லாசரஸிடமிருந்து கேட்டு வாங்கிவந்த சின்னப் பெட்டியை அவள் கையில் வைத்தாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தாறு வரை அவர் பேசியதையும், தான் எண்ணிக்கொண்டிருந்ததையும் சொன்னாள். ரிஜிஸ்தரில் இருந்த தன் பெயரையும் மறைக்கவில்லை.

எல்லம்மா பெட்டியைத் திறந்து பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"மூலைல பசை வெக்காம மடிச்சிகீறாரு" என்றாள். "பசைக்கு எங்க போவாரு?"

வெகுநேரம் அவள் குலுங்கிக்கொண்டிருந்தாள். குடத்தோடு வந்த பெண்கள் தண்ணீர் பிடிக்காமல் தூரத்திலேயே நின்றார்கள். பிறகு அவள் முந்தானையால் மூக்கைச் சிந்தி எழுந்தாள்.

"அந்தக் கம்பெனில நானூத்திப் பன்னெண்டுன்னு சொன்னாரில்ல கணக்குப்புள்ள? வா, போவலாம்."

அந்தக் கருங்கல்லில் இரண்டு பேர் உட்கார இடம் போதாது. எல்லம்மா கல்லில் உட்கார்ந்தாள், தபீதாள் பக்கத்தில் தரையில். பை மடியில் இருந்தது, ஊசியை எடுக்கவில்லை. மேனேஜர் இரண்டு முறை வெளியே வந்து பார்த்தார். "அந்த ஆளே வர்றதை நிறுத்திட்டாரு, நாங்க என்ன பண்றது?" என்றார். எல்லம்மா அவர் முகத்தையே பார்த்தாள். அவர் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் எல்லம்மா தோல் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டாள். பத்து மணிக்கு முதலாளியின் கார் வந்தது. எப்போதும் ஹாரன் கேட்கும் முன்பே திறந்துவிடும் கேட்டின் சங்கிலி, அன்றைக்கு மட்டும் லாசரஸ் கையில் சிக்கிக்கொண்டது. கார் அந்தக் கல்லுக்கு எதிரே நின்றது. லாசரஸ் சங்கிலியோடு போராடினார், அவசரமே படவில்லை. கார் கண்ணாடி இறங்கியது. "யாருய்யா இவங்க?"

"பொட்டிக்காரர் சம்சாரம் சார்" என்றார் லாசரஸ். "இந்தக் கல்லுலதான் சார் அவருக்கு ஜுரம் வந்துது."

முதலாளி எல்லம்மாவைப் பார்த்தார். எல்லம்மா மடியிலிருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட் திறந்தது.

மத்தியானம் மேனேஜரே நானூற்றுப் பன்னிரண்டு ரூபாயைக் கவரில் போட்டுக் கொண்டுவந்தார். ரசீதில் எல்லம்மா கைநாட்டு வைத்தாள்.

கிண்டி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அவள் பணத்தைப் பிரித்தாள். நூற்று முப்பத்தைந்தை எண்ணித் தபீதாளிடம் கொடுத்தாள். "கணக்குப்புள்ளையாண்ட குட்த்துரு. அவரு எவனுக்கும் கடன் வெச்சிட்டுப் போவல." பிறகு மறுபடி எண்ண ஆரம்பித்தாள். "ரூவாய்க்கு ஆறு பைசாதான உன் கூலி? நானூத்திப் பன்னெண்டுக்கு எம்மா ஆவுது?"

"எனக்கு வேண்டாம் எல்லம்மா."

"எம்மா ஆவுது?"

"இருபத்திநாலு ரூபா எழுபத்திரெண்டு பைசா" என்றது தபீதாளின் வாய், அவளைக் கேட்காமலே.

"வாங்கிக்க."

"என்னால முடியாதும்மா."

"வாங்கலன்னா வெள்ளிக்கெழம வந்து குந்திருவேன்" என்றாள் எல்லம்மா. சொல்லும்போது அவள் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. துளசிங்கத்தின் சிரிப்பு அது.

தபீதாள் வாங்கிக்கொண்டாள். தாம்பரம் வண்டி வந்தது. குரோம்பேட்டையில் எல்லம்மா இறங்கிக்கொண்டாள், திரும்பிப் பார்க்காமல்.

அடுத்த வெள்ளிக்கிழமை தபீதாள் டீ போட்டு ஜன்னலருகே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். குழாய்மேடை காலியாக இருந்தது. அதற்கடுத்த வெள்ளியும். கூலியை வாங்காமலே இருந்திருக்கலாம் என்று அவள் நினைத்தது அப்போதுதான். வருஷக்கணக்கில், வெள்ளிக்கிழமைகளில் மட்டும், யாரும் உட்காராத அந்த மேடையிலிருந்து யாரோ அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லேஸை அவள் மறுபடி தொடவில்லை. ஊசி முப்பத்தாறாம் கண்ணியிலேயே மாட்டிக்கொண்டு பையில் கிடந்தது. ஆனால் பிழைப்பு வேண்டுமே. வசூலுக்குப் போனாள். முறைதான் மாறிவிட்டது. முக்காலியில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "உங்களுக்கு யார் சார் தரணும்?" என்பதுதான். அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்பாள். பிள்ளைக்கு ஜுரம் என்றால் என்ன மருந்து என்று விசாரிப்பாள். பிறகு கடன்காரரையே கூட்டிக்கொண்டு, அவருக்குத் தரவேண்டியவர் வாசலில் போய் நிற்பாள். இதனால் வசூலுக்கு முன்பைவிட நாளானது. "அந்தம்மா நம்ம ஆளா, அவங்க ஆளான்னே தெரியலை" என்று தொழில்காரர்கள் சலித்துக்கொண்டார்கள். பாதிப் பேர் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அப்பாதுரை மட்டும் கடைசிவரை நிறுத்தவில்லை.

எழுபத்து மூன்றாம் வருஷம் சேலையூரில் ஒரு அச்சகம். மூன்று மாத பாக்கி. முதலாளி ஸ்ரீரங்கன், இளவயசுக்காரர், தபீதாளின் பழைய பெயரைக் கேள்விப்பட்டு நடுங்கிப்போயிருந்தார். பதினொரு மணி இருக்கும். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்கதவை நோக்கி நடந்தார்.

தபீதாள் முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அறுபதை நெருங்கிய உடம்பு, ஓடியே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

"எங்க போறீங்க?"

"ஐயோ அம்மா, பாத்ரூம்தாம்மா!"

அச்சுக் கோக்கும் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். தபீதாள் சிரிக்கவில்லை, கையையும் விடவில்லை. அவள் கை சில்லென்றிருந்தது என்று ஸ்ரீரங்கன் பிற்பாடு சொல்வார்.

"எங்கேன்னாலும் சொல்லிட்டுப் போங்க தம்பி" என்றாள். "சொல்லுங்க. நான் எண்ணலை. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."